மறைத்து விழுங்கும் மாத்திரை

“சாவி! சாவி! இரும்பு எதையாவது கொண்டு வாருங்கள்!”

வகுப்பறை அலறிற்று. ஒன்பதாம் வகுப்பு, பிற்பகலின் முதற் பாடவேளை. மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்த மாணவி ஒருத்தி, ஏதோ கேட்க வாயெடுத்தவள் போல விழித்தாள், சாய்ந்தாள், தரையில் வீழ்ந்தாள். கையும் காலும் வெட்டி இழுத்தன. பற்கள் கிட்டின. வாயோரம் நுரை தள்ளிற்று. உடன் பயிலும் சிறுமியர் சுவரோரம் ஒதுங்கி நின்று நடுங்கினர். பக்கத்து வகுப்பிலிருந்து ஓடி வந்தவர்கள் ஒருமுகமாகக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: சாவி!

சாவி கிடைத்தது. அவள் கையில் திணித்தார்கள். சிறிது நேரத்தில் இழுப்பு நின்றது. “பார்த்தீர்களா, இரும்பு பட்டதும் அடங்கிவிட்டது!” என்றார் ஒருவர். சுற்றி நின்றோர் தலையசைத்தனர்.

அந்தச் சாவியை எடுத்துக் கொடுத்தவர் யார் தெரியுமா? பட்டம் பெற்றவர், மேடையேறிப் பகுத்தறிவு பேசியவர், பில்லி, சூனியம், பேய், பிசாசு எல்லாம் பொய் என்று பிள்ளைகளுக்கு எடுத்தியம்பியவர். நான்தான். என் வண்டிச் சாவி அது. அச்சம் வந்தது, அறிவு விடைபெற்றுக்கொண்டது. ஏட்டில் படித்த பகுத்தறிவு, எதிரில் ஓர் உயிர் துடித்தபோது எங்கோ ஓடி ஒளிந்துகொண்டது. அந்த வெட்கத்திலிருந்து பிறந்தது இக்கட்டுரை.

* * *

மாலையில் தாய் வந்தாள். மல்லாட்டை ஆயும் வேலையிலிருந்து நேரே வந்தவள். விரல் நகங்களில் மண் போகவில்லை. மகளைப் பற்றி ஒரு சொல்கூடக் கேட்பதற்கு முன்னரே, என்னைத் தனியே அழைத்துச் சென்று கைகூப்பினாள்.

“சார், உங்களக் கும்புட்டுக் கேக்குறேன். பொண்ணுக்கு வெயில் மயக்கம்னு சொல்லிடுங்க. இன்னதுன்னு யாருக்கும் சொல்லிடாதீங்க. நாளைக்கு ஒருத்தன் கையில புடிச்சிக் குடுக்கணும். இது தெரிஞ்சா யாரு சார் வருவான்?”

அவள் கதையைப் பையப் பையச் சொன்னாள். நான்காண்டாக மகளுக்கு இந்நோய். மருத்துவரிடம் காட்டியிருக்கிறாள். காலையும் இரவும் மாத்திரை. தவறாது விழுங்கியதால் இரண்டாண்டாக ஒருமுறைகூட இழுப்பு வந்ததில்லை. பின், இன்று ஏன் வந்தது?

ஆனித் திருமஞ்சனம் காணச் சிதம்பரம் வந்த உறவினர், மூன்று நாள் வீட்டில் தங்கிவிட்டனர். மூன்று நாளும் மாத்திரைப் புட்டி வெளியில் வரவில்லை. உறவினர் கண் எதிரில் விழுங்கினால், “என்ன மாத்திரை?” என்று கேட்பார்கள். கேட்டால் பொய் சொல்ல வேண்டும். பொய் பிடிபட்டால் மகளின் வாழ்வு போகும். ஆகவே மாத்திரை நின்றது. நான்காம் நாள் மகள் வீழ்ந்தாள்.

இன்னொன்றும் சொன்னாள். அவர்கள் ஊருக்குக் கடலூர் அரைமணி நேரப் பயணம். மாவட்டத் தலைநகர், அங்கே அரசின் தலைமை மருத்துவமனை உண்டு. எனினும் அவள் மாதந்தோறும் எதிர்த்திசைப் பேருந்தில் ஏறிச் சிதம்பரம் செல்கிறாள். அண்ணாமலை நகரில், 1985-இல் இராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி என்ற பெயரில் தொடங்கி, இன்று அரசு மருத்துவக் கல்லூரியாக விளங்கும் இடத்துக்குப் போகிறாள். கூலியில் ஒரு நாள் போகிறது, பொழுது போகிறது. ஏன் இந்தப் பாடு? கடலூர் மருத்துவமனையில் ஊர்க்காரர் எவரேனும் எதிர்ப்படுவர். சிதம்பரத்தில் அவ்வளவு பேர் எதிர்ப்படமாட்டார்கள். அவ்வளவுதான் காரணம். வாங்கி வந்த மாத்திரையை உறையிலிருந்து பிரித்து, சத்து மாத்திரைப் புட்டியில் போட்டு வைக்கிறாள். அண்டை வீட்டாருக்கு அவள் மகள் உடம்பு தேற ஏதோ சத்து மாத்திரை விழுங்குகிறாள்.

நோயை அடக்க மருந்து இருக்கிறது. மருந்தை விழுங்கத்தான் மறைவிடம் வேண்டியிருக்கிறது! இதுவன்றோ நம் சமுதாயத்தின் நோய்?

அன்று தலைமையாசிரியரிடம் நான் “வெயில் மயக்கம்” என்றேன். பொய்தான் சொன்னேன். அந்தப் பொய் சரியா, தவறா? ஒரு தாய் தன் மகளுக்காகச் சொல்லும் அந்தப் பொய் குற்றமா, அறமா? அன்றிரவு உறக்கமின்றிப் புரளச் செய்த வினா இது.

* * *

முதலில் சாவியின் கணக்கைத் தீர்த்துவிடுவோம்.

கால் கை வலிப்பு என்பதே மருவிக் காக்கை வலிப்பு ஆயிற்று என்பர். காக்கைக்கும் இந்நோய்க்கும் தொடர்பில்லை. ஆனால், சாவிக்கும் காக்கைக்கும் தொடர்பு உண்டு! காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை நாமறிந்ததே. வலிப்பு பெரும்பாலும் ஓரிரு மணித்துளியில் தானே அடங்கும் இயல்புடையது. சாவியைத் தேடி ஓடி, எடுத்து வந்து, கையில் திணிப்பதற்குள் அந்த மணித்துளி கழிந்துவிடுகிறது. பழம் விழுகிறது; காக்கை பெயர் பெறுகிறது.

ஆனால், நேர்மையுள்ள பகுத்தறிவாளன் இங்கே நின்றுவிடலாகாது. எதிர் வினா ஒன்று எழும்: “மாத்திரையும் காக்கையாக இருந்தால்? சாவியை நம்புவது மடமை. மாத்திரையை நம்புவது மட்டும் அறிவுடைமையா? வெள்ளுடை அணிந்தவர் கொடுத்தார் என்பதற்காக நம்புவதும், வேப்பிலை ஏந்தியவர் கொடுத்தார் என்பதற்காக நம்புவதும் ஒன்றுதானே?”

ஒன்றுதான், அந்தக் காரணத்துக்காக மட்டும் நம்பினால் இரண்டும் ஒன்றுதான். ‘ஏன்?’ என்ற கேள்வியைப் பெரியார் நமக்குக் கையில் கொடுத்தது, அதைக் கோயில் வாயிலில் மட்டும் கேட்டுவிட்டு மருத்துவமனை வாயிலில் மடித்து வைத்துக்கொள்வதற்காக அன்று.

கேட்டுப் பார்ப்போம். மூளையின் நரம்பணுக்கள் நுண்ணிய மின்னோட்டத்தால் ஒன்றோடொன்று பேசுகின்றன. முறைப்படி பேசும் அவை, திடுமெனக் கட்டுமீறி ஒரே நேரத்தில் கூச்சலிட்டால், அதுவே வலிப்பு. ஆங்கிலேய மருத்துவ மேதை ஹியூலிங்ஸ் ஜாக்சன் 1870-களிலேயே இதனைக் கண்டு கூறினார். ஜெர்மானியர் ஹான்ஸ் பெர்கர், மனித மூளையின் மின்னலைகளைக் கருவிகொண்டு பதிவுசெய்து 1929-இல் வெளியிட்ட பின்னர், அக்கூச்சலைத் தாளில் கோடுகளாகவே காண முடிந்தது. ஆவியின் கையெழுத்து அங்கே இல்லை. மின்னோட்டத்தின் கையெழுத்தே இருந்தது.

1938-இல் அமெரிக்காவில் மெரிட், பட்னம் என்னும் இருவர் பல வேதிப்பொருள்களை வரிசையாக எடுத்துப் பூனைகளிடம் ஆய்ந்து, மின்தூண்டலால் வரும் வலிப்பை எது தடுக்கிறது என்று பார்த்தனர். ஃபெனிட்டாயின் தடுத்தது. பின்னர் நோயாளிகளுக்குக் கொடுத்தனர், எண்ணினர், மருந்துக்கு முன் எத்தனை, மருந்துக்குப் பின் எத்தனை என்று ஒப்பிட்டனர். நரம்பணுவின் சுவரில் சோடியம் நுழையும் வாயில்கள் உள்ளன. கூச்சலிடும் அணுவின் வாயிலை அம்மருந்து அடைத்து நிறுத்துகிறது என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. ஃபீனோபார்பிட்டால் வேறு வழியில், மூளையின் இயல்பான அடக்கும் ஆற்றலுக்குத் துணைநின்று, கூச்சலைத் தணிக்கிறது.

இதைவிடப் பெரிய வேறுபாடு ஒன்றுண்டு. சாவி தன் தோல்வியை ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. மாத்திரை ஒப்புக்கொள்கிறது! முறையாகக் கண்டறிந்து முறையாக மருந்துண்டால் 10 பேரில் 7 பேர்வரை வலிப்பின்றி வாழ முடியும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. அதன் பொருள் என்ன? எஞ்சியோர்க்கு மருந்து முழுமையாகப் பயன்படவில்லை என்பதையும் அதே மூச்சில் ஒப்புக்கொள்கிறது. ஃபெனிட்டாயின் ஈறு தடிக்கச் செய்யும். ஃபீனோபார்பிட்டால் சோர்வு தரும். வால்ப்ரோவேட்டைக் கருவுற்ற பெண் உண்டால் வயிற்றுக் குழந்தைக்குக் கேடு நேரக்கூடும். இவையெல்லாம் மறைக்கப்படவில்லை, மருத்துவ நூல்களில் எழுதி வைக்கப்பட்டுள்ளன. தன் குறையைத் தானே எழுதி வைக்கும் தாயத்து எங்கேனும் உண்டா? குறையை ஒப்புக்கொள்ளும் நேர்மையே அறிவியலின் வலிமை.

மருந்து நோயை வேரறுப்பதில்லை, கட்டுக்குள் வைக்கிறது. ஆகவேதான் நாள்தோறும் உண்ண வேண்டும். திடீரென நிறுத்தினால் அடங்கியிருந்தது சீறி எழும். ஈராண்டுக் காலம் வலிப்பே இல்லையெனில் நிறுத்தலாமா என்பதை மருத்துவர் எண்ணிப் பார்ப்பார். மெல்ல மெல்லக் குறைப்பார். அம்முடிவு மருத்துவருடையது, வீட்டுக்கு வந்த விருந்தினருடையது அன்று.

* * *

உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டு. அவர்களில் 100-க்கு 80 பேர் நம்மைப் போன்ற ஏழை, நடுத்தர நாடுகளில் வாழ்கின்றனர். ஆண்டுக்கு 5 அமெரிக்க டாலர் அளவு விலையுள்ள மருந்துகள்கூட இருக்கின்றன. ஆயினும் ஏழை நாடுகளில் நோயுற்றோரில் நான்கில் மூன்று பங்கினர் வேண்டிய மருத்துவம் பெறுவதில்லை என்கிறது அதே நிறுவனம்.

சிற்றூர் மக்களுக்கு இம்மருத்துவம் எட்டாது என்பார் உளர். கருநாடகத்தின் எலந்தூர் வட்டாரத்துச் சிற்றூர்களில் டாக்டர் கே. எஸ். மணியும் அவருடன் உழைத்தோரும், பழைய மலிவான மருந்துகளான ஃபீனோபார்பிட்டாலையும் ஃபெனிட்டாயினையும் கொண்டே வலிப்பைக் கட்டுப்படுத்த முடியும் என்பதைக் காட்டினர். அவ்வாய்வு 2001-இல் லான்செட் மருத்துவ ஏட்டில் வெளிவந்தது. ஏழைக்கு எட்டாத மருந்தன்று இது.

நோய் வரும் வழிகள் பல: பிறக்கும்போது மூளைக்கு நேர்ந்த ஊறு, தலைக்காயம், மூளைக் காய்ச்சல், பக்கவாதம், மரபு. பலருக்குக் காரணம் புலப்படுவதே இல்லை. ஆயினும் ஒரு வழியை நம் நாட்டார் ஊன்றி நோக்க வேண்டும். வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் அம்மாவட்டத்தில் ஆய்ந்தபோது, வலிப்புற்றோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு நாடாப்புழுவின் இளநிலைக் கட்டி மூளையில் தங்கியிருந்தமையே காரணம் எனக் கண்டனர். பன்றி இறைச்சி உண்போர்க்குத்தானே அது வரும் என்று சிலர் மூக்கைச் சுளிப்பர். அன்று! புழுவை வயிற்றில் சுமப்பவரின் மலத்தோடு முட்டை வெளியேறுகிறது. கழுவாத கையாலும், கழுவாத காய்கனியாலும், கெட்ட நீராலும் அடுத்தவர் உணவில் சேர்கிறது. வாழ்நாளில் புலாலைத் தொட்டறியாதவர் மூளையிலும் குடியேறுகிறது. ‘தீட்டு’ என்று ஒதுங்கி வாழ்ந்தவர் வீட்டுக்கும், சேரிக்குக் கழிப்பறை கட்டித்தராத சமுதாயத்தின் தண்டத்தீர்வை வந்து சேர்கிறது. புழு குலம் கேட்பதில்லை, கோத்திரம் பார்ப்பதில்லை. சமத்துவம் பேச நாம் மறுத்தால், நோய் வந்து பேசுகிறது!

* * *

நோய் எங்கிருந்து வருகிறது என்பது தெரியாத காலத்தில் மக்கள் வானத்தைப் பார்த்தனர். அது குற்றமன்று. கிரேக்க நாட்டில் இதனைப் ‘புனித நோய்’ என்றனர். ஹிப்பாக்ரட்டீசு மரபு மருத்துவர் ஏறத்தாழ 2400 ஆண்டுகளுக்கு முன் எழுதிய நூலொன்று, இந்நோய் மற்ற நோய்களைவிடப் புனிதமானது அன்று, இதற்கும் இயற்கைக் காரணமே உண்டு, அது மூளையில் இருக்கிறது என்று அடித்துக் கூறிற்று. 2400 ஆண்டு! அறிவு முன்னே சென்றுவிட்டது. நாம் சாவியைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

நம் மாவட்டத்திலேயே பண்ருட்டிக்கு அருகில் திருவதிகை உள்ளது. சமணத்தில் இருந்த நாவுக்கரசரைச் சிவனடிக்கு மீட்கச் சூலை நோய் வந்தது. பாடினார், தீர்ந்தது என்பது புராணம். அவர் தமிழின் இனிமையை நாம் மறுக்கவில்லை. ஆனால், நோய் என்பது மேலிருந்து ஏவப்படுவது, அதற்குரிய காரணம் நோயாளியின் பிழை என்ற எண்ணம் இத்தகைய கதைகளின் வழியே மக்கள் நெஞ்சில் ஊறிவிட்டதை எங்ஙனம் மறுப்பது? அந்தத் தாய் என்னிடம் கேட்டாள்: “நான் என்ன பாவம் செஞ்சேனோ சார்?” அவள் செய்த பாவம் ஒன்றுமில்லை. நாள் முழுதும் மல்லாட்டை ஆய்ந்ததும், மகளைப் படிக்க வைத்ததும்தான் அவள் செய்தவை.

அவ்வெண்ணம் முற்றினால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2001 ஆகத்து 6 காட்டிற்று. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவின் அருளால் குணம் பெறுவார்கள் என்று கொண்டுவந்து விடப்பட்ட மனநோயாளர் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தனர். அவர்கள் தங்கியிருந்த கொட்டகையில் விடியற்காலையில் தீப்பிடித்தது. ஓட முடியவில்லை. 28 உயிர்கள் வெந்து மடிந்தன. இந்த மதம், அந்த மதம் என்றில்லை. மருந்து இருக்க வேண்டிய இடத்தில் சங்கிலி இருந்தது, அதுவே கொன்றது.

மருந்தின் வரலாற்றிலும் ஒரு பாடம் உண்டு. 1857-இல் இலண்டன் மருத்துவர் லோக்காக், புரோமைடு வலிப்பை அடக்குவதை எடுத்துரைத்தார். பின்னர் 1912-இல் ஜெர்மனியில் ஆல்பிரெட் ஹாப்ட்மன் என்னும் இளம் மருத்துவர், நோயாளிகள் உறங்குவதற்காகக் கொடுத்த ஃபீனோபார்பிட்டால் அவர்களுடைய வலிப்பையும் குறைத்ததைக் கண்டு வெளியிட்டார். ஒரு நூற்றாண்டு கடந்தும் அம்மருந்து உலகின் ஏழைகளுக்குக் கைகொடுத்து நிற்கிறது. அந்த மருத்துவருக்கு அவர் நாடு செய்த கைம்மாறு என்ன? அவர் யூதராகப் பிறந்தவர். ஆகவே 1938-இல் டாக்காவ் வதைமுகாமில் அடைத்தது. விடுபட்டு அமெரிக்கா சென்று அங்கேயே மறைந்தார். அதே நாட்டில் 1933-இல் இட்லர் ஆட்சி இயற்றிய சட்டம், மரபுவழி வலிப்பு நோயாளர் என்று முத்திரை குத்தப்பட்டோரை வலிந்து மலடாக்க வழிசெய்தது. நோயாளியையும் பிறப்பைக் கொண்டு இழித்தார்கள். நோய்க்கு மருந்து கண்டவரையும் பிறப்பைக் கொண்டு இழித்தார்கள். பிறப்பால் இழிவு கற்பிக்கும் நெஞ்சம், இடம் மாறினாலும் ஒன்றே!

* * *

“அது இட்லர் நாடு, நம் நாட்டில் அப்படி உண்டோ?” என்பீர்.

பிரிட்டனில், வலிப்பு நோயைக் காட்டித் திருமணத்தைச் செல்லாததாக்க இடமளித்த சட்டம் 1971-இல் திருத்தப்பட்டது. அவர்கள் அந்த அழுக்கைக் களைந்த ஐந்தாம் ஆண்டில் நாம் எடுத்து உடுத்திக்கொண்டோம்! 1955-இல் இயற்றப்பட்ட இந்துத் திருமணச் சட்டத்தில் வலிப்பு பற்றிய சொல் இல்லை. 1976-இல் வந்த திருத்தம், அடிக்கடி மனநோயோ வலிப்போ வரப்பெறுபவர் மணம் புரியத் தகுதியற்றவர் எனச் சேர்த்தது. பித்தும் வலிப்பும் ஒரே வரியில் கட்டப்பட்டன. மணந்த பின் கண்டுபிடித்தால் மணத்தைச் செல்லாதென அறிவிக்கக் கேட்கலாம். 1999-இல்தான் பாராளுமன்றம் அந்தச் சொல்லை நீக்கிற்று. 23 ஆண்டுகள், எத்தனை பெண்கள் அந்த ஒரு சொல்லுக்கு அஞ்சி மாத்திரையை மறைத்தார்கள். எத்தனை பேர் மாத்திரையையே விட்டார்கள்?

சட்டம் திருந்திவிட்டது. சமுதாயம்? புரோகிதரும் தீவலமும் இன்றி, மாலை மாற்றி மணந்துகொள்வதைச் சட்டப்படி செல்லத்தக்கதாக்கிச் சென்னைச் சட்டமன்றத்தில் 1967-இல் திருத்தம் கொண்டுவந்தார் முதலமைச்சராக இருந்த அறிஞர் அண்ணா. மணம் என்பது இரு மனிதர் ஒப்பிச் செய்துகொள்ளும் வாழ்க்கை ஒப்பந்தம் என்பதே அதன் உயிர்க் கருத்து. ஆனால், சடங்கை விட்ட நாம் சந்தையை விட்டோமா? பெண் பார்க்கப் போகும்போது நிறம் பார்க்கிறோம், நகை பார்க்கிறோம், நோய் பார்க்கிறோம். மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போலப் பார்க்கிறோம்!

* * *

இனி, தலையாய வினாவுக்கு வருவோம். அந்தத் தாயின் பொய் குற்றமா?

வாய்மை என்பது யாதென வள்ளுவர் வரையறுக்கும்போது, பிறர்க்குத் தீங்கு பயவாத சொல்லை வாய்மை என்றார். குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்ம்மையும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்றும் இசைந்தார். அந்த உரைகல்லில் உரைத்துப் பார்ப்போம். அண்டை வீட்டாரிடம் “சத்து மாத்திரை” என்று சொன்னதால் எவருக்குத் தீங்கு? ஒருவர்க்கும் இல்லை. கேட்க உரிமையில்லாதவர் கேட்டார். சொல்லக் கடமையில்லாதவள் மறைத்தாள். இங்கே குற்றம் இல்லை.

ஆனால், எல்லா மறைப்பும் ஒரு தன்மையதன்று. பேருந்து ஓட்டும் ஒருவர், வலிப்பு அடங்காத நிலையில், நோயை மறைத்து உரிமம் பெற்றால்? ஓட்டுநர் உரிமம் கேட்போர் இந்நோய் உண்டா என்பதை எழுதித் தர வேண்டும் என்பது விதி. 50 பேர் உயிர் அவர் கையில். அங்கே மறைத்தல் குற்றமே. தன் பிழைப்புக்காகப் பிறர் உயிரைப் பணயம் வைக்க எவர்க்கும் உரிமை இல்லை.

மணமகன்? இங்கேதான் சிக்கல். “கூடி வாழப் போகிறவனுக்கு அறியும் உரிமை இல்லையா?” என்று கேட்பவரை நான் பழிக்கமாட்டேன். உரிமை உண்டு. ஒப்பந்தம் என்றால் உண்மையின் மீது எழ வேண்டும். அவ்வுரிமை மணமகளுக்கும் உண்டல்லவா? மாப்பிள்ளைக்கு வலிப்பு உண்டா என்று எந்தப் பெண் வீட்டார் துணிந்து கேட்கிறார்கள்? கேட்டால், “இவ்வளவு திமிரா?” என்பார்கள். ஆணின் நோய் அலமாரியில் இருக்கிறது. பெண்ணின் நோய் அம்பலத்தில் ஏற்றப்படுகிறது. உண்மை பேசும் கடமையைப் பெண்மீது மட்டும் சுமத்துவது வாய்மை அன்று. அதுவும் ஓர் ஆண்டான் அடிமைச் சட்டமே.

இன்னும் கூர்ந்து நோக்குவோம். மறைப்பின் விலையைக் கொடுப்பவர் யார்? மறைக்கும் பெண்ணேதான். புகுந்த வீட்டில் மாமியார் கண்படாமல் விழுங்க இடமின்றி வேளை தவறவிடுகிறாள், வீழ்கிறாள். கருவுறும் முன்பே மருத்துவரைக் கண்டு மருந்தை மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். துணைக்குக் கணவன் இல்லை, ஏனெனில் அவனுக்கே தெரியாது. தக்க மருத்துவத் துணையோடு இந்நோயுடைய பெண்களில் மிகப் பெரும்பாலோர் நலமான குழந்தைகளைப் பெறுகின்றனர். அந்தத் துணையை மறைப்பு பறித்துவிடுகிறது.

ஆகவே என் முடிவு இது. மறைக்கும் தாய் குற்றவாளி அல்லள்; ஆனால் மறைப்பு அவள் மகளைக் காக்கவும் இல்லை. மணம் பேசும்போது உண்மை பேசப்படத்தான் வேண்டும். இருபுறமும் பேசப்பட வேண்டும். அந்த உண்மைக்குப் பெண்ணின் வாழ்வையே விலையாகக் கேட்கும் வரை, உண்மை பேசவில்லை என்று அவளைக் குறைகூற நமக்கு வாயில்லை. வாய்மையைப் பிறரிடம் எதிர்பார்ப்பவர், வாய்மை பேசுவோர் அழிந்துபோகாத சமுதாயத்தை முதலில் அமைக்கட்டும். மூக்குக்கண்ணாடி அணிகிறேன் என்று சொல்ல எவரேனும் மறைவிடம் தேடுகிறாரா? வலிப்பு மாத்திரையும் அந்த நிலைக்கு வர வேண்டும்.

* * *

என் பொய் என்னாயிற்று? அது தாயின் பொய்யைப் போன்றதன்று என்று இரவோடிரவாக உணர்ந்தேன். அவள் மீண்டும் கிணற்றோரத்திலோ, மாடிப்படியிலோ வீழ்ந்தால், உடனிருப்போர்க்கு ஒன்றும் தெரியாது. மீண்டும் சாவியைத்தான் தேடுவார்கள். மறுவாரம் அவள் வீடு சென்று, தாயிடமும் மகளிடமும் பேசினேன். தாய் நெடுநேரம் பேசவில்லை. மகள்தான் சொன்னாள்: “பெரிய சாருக்கும் டீச்சருக்கும் மட்டும் தெரிஞ்சா போதும்மா.” அவர்கள் இசைவோடு தலைமையாசிரியரும் வகுப்பாசிரியையும் அறிந்தனர். வேறெவரும் அறியார்.

ஒரு மாதம் கழித்து, எல்லா வகுப்புகளிலும் ஒரு பாடம் நடத்தினோம். பெயர் எதுவும் சொல்லவில்லை. வலிப்பு வந்தால் செய்ய வேண்டியவை: அருகிலுள்ள கூர்மையான பொருள்களை அகற்றுக, தலைக்கடியில் மென்மையாக ஏதேனும் வைக்க, ஒருக்களித்துப் படுக்க வைக்க, கடிகாரத்தைப் பார்க்க, 5 மணித்துளிக்கு மேல் நீடித்தால் 108 ஊர்தியை அழைக்க. செய்யக் கூடாதவை: சாவி வேண்டா, வாயில் எதையும் திணிக்க வேண்டா, கைகாலை அழுத்திப் பிடிக்க வேண்டா, முழுநினைவு திரும்பும் வரை நீரும் புகட்ட வேண்டா. சாவி கொடுத்தவன் நானே என்பதையும் சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்; ஆசிரியன் பிழையை ஒப்புக்கொள்வதைக் காண்பதும் ஒரு பாடந்தான். ருசிய நாட்டின் பெரும் எழுத்தாளர் தாஸ்தயேவ்ஸ்கிக்கு இந்நோய் இருந்தது என்றேன்; எவரும் அசையவில்லை. தென்னாப்பிரிக்காவின் கிரிக்கெட் வீரர் ஜான்ட்டி ரோட்சுக்கு இருக்கிறது என்றேன். 1992 உலகக் கோப்பையில் பாய்ந்து விக்கெட்டைச் சாய்த்தவர் அவர் என்றதும், பையன்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்!

மூன்றாம் நாள் ஏழாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் என்னிடம் வந்தான். “சார், எங்க அப்பாவுக்கு அது வரும். கோயில்ல மந்திரிச்சிக் கயிறு கட்டியிருக்கு. மாத்திரை எங்க சார் குடுப்பாங்க?” என்று மெல்லக் கேட்டான். ஊருக்குள் ஒரு வீடு மட்டும் மறைக்கவில்லை, எத்தனை வீடுகளோ!

மருத்துவம் நான்கு கூறுடையது என்றார் வள்ளுவர்: நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுவோர். நம் ஊரில் நோயாளி இருக்கிறார். மருத்துவர் இருக்கிறார். மருந்தும் அரசு மருத்துவமனையில் காசின்றிக் கிடைக்கிறது. நான்காம் கூறுதான் இல்லை. அந்த நான்காம் கூறு நாம். உறவினர், அண்டை வீட்டார், ஆசிரியர், மாமியார், மணமகன் ஆகிய நாமே. மூன்று கால் இருந்தும் கட்டில் சாய்ந்து கிடக்கிறது, நாம் காலாக நிற்க மறுப்பதால்!

இதே மாவட்டத்தில், வடலூரில், பசியையும் ஒரு பிணியாகக் கண்ட வள்ளலார் 1867-இல் தருமசாலை அமைத்து அடுப்பு மூட்டினார். பசித்தவனிடம் குலம் கேட்கவில்லை. அவன் ஏன் பசித்தான் என்று இழித்துரைக்கவும் இல்லை. பசிக்குக் காட்டிய அந்தப் பரிவைப் பிற பிணிக்கும் காட்டினால் போதும்.

தோழர்களே! கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே எத்தனையோ பேருந்துகள் ஓடுகின்றன. மாதத்தில் ஒரு நாள், காலைப் பேருந்தில், சன்னலோரம் முந்தானையால் முகத்தைப் பாதி மூடி, மடியில் ஒரு துணிப்பையை இறுகப் பற்றியபடி ஒரு தாய் இன்னும் சிதம்பரத்துக்கே போகிறாள். ஒரு பாடத்தால் ஊர் திருந்திவிடவில்லை. அவள் அச்சமும் அகலவில்லை. அரைமணிப் பயணத்தில் கடலூரில் கிடைக்கும் மருந்தை, அஞ்சாமல் அங்கேயே அவள் வாங்கித் திரும்பும் நாள் எந்நாளோ, அந்நாளே நாம் பேசும் பகுத்தறிவு ஊருக்குள் வந்து சேர்ந்த நாள். அதுவரை, அவள் கைப்பையில் இருக்கும் மாத்திரை அவள் மகளின் நோய்க்கு. அதை மறைக்கும் அந்தப் புட்டி, நம் நோய்க்குச் சான்று!